தண்டவாளம் முன்னே, தோட்டம் பின்னே: சுங்கை சிப்புட் ரயில் பாதையின் பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட். எல்பில், டவன்பி, கமுனிங், ஹேவுட் என்று சுற்றிலும் தோட்டங்கள், நடுவில் ஒரு சின்ன டவுன், டவுனை ஒட்டி ஒரு ரயில் ஸ்டேஷன். சுதந்திரத்துக்குப் பிறகு மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர், 1948இல் கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான அவசரகாலத்துக்குப் பொறி விழுந்த ஊர் என்று இந்தப் பெயர் தமிழர் வரலாற்றில் அடிக்கடி வரும். ஸ்டேஷனைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் ஒரே ஒரு வாக்கியம்தான்: "தோட்டத்துக்காக வெள்ளைக்காரன் போட்ட ரயில்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. பேராக்கில் முதல் ரயில் ஓடியது 1885இல். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே பாதையாக இணைந்தது 1903இல். ரப்பர் தோட்டங்கள் பெருவாரியாக எழுந்தது அதற்குப் பிறகுதான். தண்டவாளம் ஏற்கெனவே கிடந்த இடத்தைத் தேடித்தான் தோட்டங்கள் வந்தன. சுங்கை சிப்புட் ஏன் தோட்டப்புற டவுன் ஆனது, பிறகு ஏன் அந்த ரயிலுக்கும் ஊருக்கும் இருந்த உறவு தளர்ந்தது என்ற இரண்டுக்கும் விடை இந்த முன்பின்னில்தான் இருக்கிறது.

முதலில் ஈயம். பேராக்கில் இரண்டு பெரிய ஈய வயல்கள் இருந்தன. மேற்கே தைப்பிங்கைச் சுற்றிய லாருட், கிழக்கே ஈப்போவைச் சுற்றிய கிந்தா. லாருட் ஈயம் யானை மேலும் மாட்டு வண்டியிலும் சேற்றுப் பாதையில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் வண்டி அச்சு வரை புதையும். அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை எட்டு மைல் நீளத்துக்கு ஒரு மீட்டர் அகலப் பாதை போட்டார்கள். 1885 ஜூன் 1இல் அது திறக்கப்பட்டது. வேலைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். எட்டு மைல் என்றால் இன்றைக்குக் காரில் கால் மணி நேரம். அன்றைக்கு அந்த எட்டு மைலால் மாறியது லாருட் ஈயத்தின் விலை.

அதே கணக்கைத்தான் மற்ற இடங்களிலும் போட்டார்கள். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ஒரு பாதை. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு ஒரு பாதை, அது தனியார் கம்பெனி போட்டது. கிந்தா ஈயத்துக்காக 1890களின் நடுவில் தெலுக் அன்சனிலிருந்து தாப்பா ரோடு வழியாக ஈப்போ வரை ஒரு பாதை. தெலுக் அன்சன்தான் இன்றைய தெலுக் இந்தான். வரைபடத்தில் பார்த்தால் இவை எதுவும் ஒன்றோடொன்று சேராது. ஒவ்வொன்றும் உள்நாட்டுச் சுரங்கத்திலிருந்து பக்கத்துக் கடற்கரைக்கு நேராக ஓடும் தனித்தனிக் குச்சிகள். நாட்டை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை, ஈயத்தைக் கப்பலில் ஏற்றினால் போதும். ஈய ஏற்றுமதி வரியில் வந்த பணம்தான் அடுத்தடுத்த பாதைகளுக்கும் முதல்.

சுங்கை சிப்புட் இந்தக் குச்சிகள் எதிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே கொஞ்சம் ஈயம் இருந்தது, ஆனால் தனக்கென்று ஒரு துறைமுகப் பாதை கேட்கும் அளவுக்கு இல்லை. லாருட்டையும் கிந்தாவையும் சேர்க்க வேண்டும், அதை வடக்கே பிறை வரை கொண்டுபோய்ப் பினாங்குத் துறைமுகத்தோடு கோக்க வேண்டும் என்று முடிவானபோதுதான் இந்த ஊர் பாதையில் வந்தது. தைப்பிங், பாடாங் ரெங்காஸ், கோலகங்சார், எங்கோர், சாலாக் நோர்த், சுங்கை சிப்புட், செம்மோர், ஈப்போ என்று போகும் இந்தத் துண்டு ஒரு இணைப்புத் துண்டு. இரண்டு பணக்கார ஊர்களுக்கு நடுவில் கிடந்த, அதிகம் யாரும் இல்லாத நிலம்.

இணைப்புக்குக் குறுக்கே நின்றது பேராக் ஆறு. அதைத் தாண்டக் கராய் அருகே கட்டிய விக்டோரியா பாலம்தான் இந்தப் பாதையிலேயே பெரிய வேலை. 1897 கடைசியில் தொடங்கி 1900 தொடக்கத்தில் முடித்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் பேராக் சுல்தான் இட்ரிஸ் திறந்துவைத்தார். நீளம் சுமார் 350 மீட்டர். செங்கல் தூண்களின் மேல் இரும்புச் சட்டங்கள், ஒரே ஒரு தடம், ஓரத்தில் ஆள் நடக்க ஒரு ஒடுங்கிய நடைபாதை. நூறு ஆண்டுக்கு மேல் ரயிலைச் சுமந்துவிட்டு 2002இல் ஓய்வு பெற்றது. புதிய பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய பாலத்தின் நடைபாதையில் இன்றும் கம்பத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். எதிரே ஒரு வண்டி வந்தால் ஹேண்டில் உரசாமல் போவது ஒரு வித்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணப் படம் எடுக்க வருபவர்கள் வேறு. கட்டியபோது இதன் செலவு 3,25,000 டாலர் என்று பதிவு. சுங்கை சிப்புட்டை ஒரு ஊராக்கியதில் இந்தப் பாலத்துக்கு இருக்கும் பங்கு வேறு எதற்கும் இல்லை என்பது என் கணிப்பு. பாலம் இல்லையென்றால் வடக்கே போக வழி இல்லை, இந்த ஊர் ஈப்போ பாதையின் ஒரு முட்டுச்சந்தாக நின்றிருக்கும்.

சரி, ரப்பருக்கு வருவோம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தைப்பிங் ரயில் ஓடத் தொடங்கியபோது பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரியாக, இருந்தவர் ஹியூ லோ. அவருடைய காலத்திலேயே, 1877இல், ரப்பர் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது நட்ட மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அது கூப்பிடு தூரம்தான். ஆக, ரயிலும் ரப்பரும் ஒரே மனிதரின் ஆட்சியில், ஒரே மாநிலத்தில், எட்டு ஆண்டு இடைவெளியில் வந்தவை. ஆனால் ஒன்றையொன்று சந்திக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. ரப்பரை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. துரைமார் காப்பியை நம்பினார்கள். காப்பி விலை விழுந்து, மேற்கே மோட்டார் கார் டயருக்குத் தேவை எகிறிய பிறகுதான் ரப்பருக்கு மவுசு வந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1920களின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் போட்ட நிலம் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல்.

இத்தனை நிலத்தை எங்கே பிடிப்பது என்று கம்பெனிகள் தேடியபோது முதல் கேள்வி மண் எப்படி என்பது அல்ல, சரக்கை எப்படி வெளியே கொண்டுபோவது என்பது. மேற்குக் கரையில் தண்டவாளம் தயாராக இருந்தது. அதை ஒட்டி அரசாங்கம் ரோடும் போட்டுவைத்திருந்தது. ரப்பர் தோட்டங்கள் அந்தப் பாதையின் இருபுறமும் ஒரு பட்டையாக விரிந்ததற்கு இதுதான் காரணம். சுங்கை சிப்புட் மாதிரி இணைப்புத் துண்டில் இருந்த ஊர்களுக்கு யோகம் அடித்தது. ஈயம் எடுத்துக் குழியாகாத நிலம், வாசலில் ரயில். கிழக்கே பகாங், கிளந்தான் வழியாகப் போகும் பாதையின் கதை வேறு. கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 1931இல்தான் அது முழுதாக முடிந்தது. உள்நாட்டைத் திறந்துவிட வேண்டும் என்றே போட்ட பாதை. அங்கே பாதை வந்தும் மேற்கில் போலத் தோட்டங்கள் அடர்ந்து எழவில்லை, ஏனென்றால் முதலும் ஆளும் ஏற்கெனவே மேற்கில் இறங்கிவிட்டிருந்தன.

ஆள் வந்த வழியும் இதே பாதைதான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர்கள் பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவில் தனிமை முகாமில் இருந்து, பிறைக்குப் படகில் கடந்து, அங்கிருந்து ரயில் ஏறினார்கள். 1907இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் ஆள் கணக்குக்குப் பணம் கட்டினார்கள். கங்காணி தன் ஊர், தன் உறவு என்று திரட்டிக்கொண்டு வந்த கூட்டம் இந்த மாதிரி ஸ்டேஷன்களில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தோ மாட்டு வண்டியிலோ போனது. தட்டுமுட்டுச் சாமான், பித்தளைப் பாத்திரம், மடியில் குழந்தை. நம் குடும்பங்களில் பலருக்கு மலாயாவில் கால் வைத்த முதல் ஊர் பினாங்கு என்றால், இரண்டாவது ஊர் இப்படி ஒரு பிளாட்பாரம்.

"மலாயா ரயிலை முழுக்கத் தமிழனே போட்டான்" என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. மண் வெட்டி மேடு கட்டும் வேலையில் சீனக் குத்தகைக்காரர்களுக்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அதை மறைத்துத் தமிழனுக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. தமிழருடைய பங்கு எங்கே அசைக்க முடியாதது என்றால், போட்ட பாதையை நூறு ஆண்டு ஓட வைத்ததில். அதில் இரண்டு வகைத் தமிழர்கள் இருந்தார்கள். இருவரும் ஒரே ஸ்டேஷனில் இருந்தாலும் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

முதல் வகை, ஸ்டேஷன் மாஸ்டர்கள், கிளார்க்குகள். 1901இல் தனித்தனி மாநில ரயில்கள் ஒன்றாகி எப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வே ஆனபோது அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கையில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு மலாயா வந்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஏராளமாக இருப்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் ரயில்வே ஆபீஸ்களிலும் ஸ்டேஷன்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்தார்கள். வெள்ளைச் சட்டை, தொப்பி, கணக்குப் புத்தகம், குவார்ட்டர்ஸ்.

இரண்டாம் வகை, தென்னிந்தியத் தொழிலாளர்கள். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங் ஆட்கள். பாதையைச் சில மைல் வீதம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேங், அதற்கு ஒரு மண்டோர் (மேஸ்திரி), பாதை ஓரத்திலேயே லயம். செங்கால் மரத்தில் அறுத்த சிலிப்பர் கட்டைகள், அவற்றின் மேல் தண்டவாளம், அடியில் உடைத்த கல். நம் ஊர் மழை அந்தக் கல்லுக்கு அடியிலிருக்கும் மண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். ரயில் ஏறி இறங்க, கட்டை அமிழும், தடம் ஒரு பக்கம் சாயும். கேங்கின் வேலை அதைத் தூக்கி, கல்லைக் கட்டைக்கு அடியில் அடித்து இறுக்கி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சரியாக ஒரு மீட்டர் இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பது. ஒருவர் மட்டும் தினமும் சுத்தியலோடு தன் பங்கு மைலை நடந்து முடிப்பார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணியும் போல்ட்டும் தளர்ந்திருந்தால் ஒரு தட்டு. தட்டும் சத்தத்திலேயே எது தளர்வு என்று அவருக்குத் தெரியும். கேங் இருந்த இடமெல்லாம் ஒரு முனியாண்டி கோயிலும் இருந்தது. தண்டவாளம் ஓரத்தில் அத்தனை முனியாண்டி எப்படி வந்தார் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்டேஷன் மாஸ்டரும் கேங் ஆளும் நம்பி நடந்த ஒரு ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தப் பாதையின் எல்லையையும் விளக்குகிறது. ஒரே தடம். வடக்கே போகும் ரயிலும் தெற்கே வரும் ரயிலும் அதே தடத்தில்தான். எதிரெதிரே மோதாமல் எப்படி ஓட்டுவது? இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள துண்டுக்கு ஒரு டோக்கன். அந்த உலோகத் துண்டு கையில் இல்லாமல் எந்த டிரைவரும் உள்ளே நுழையக் கூடாது. டோக்கன் இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள கருவிகளில் பூட்டிக் கிடக்கும். இந்தப் பக்க மாஸ்டர் மணி அடித்துக் கேட்க, அந்தப் பக்க மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் ஒன்று வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் அது மறுபடி கருவிக்குள் போகும் வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. நிற்காமல் போகும் ரயில் என்றால் டோக்கனை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி, பிளாட்பாரத்தின் முனையில் ஒருவர் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்துக்குள் நுழைந்து எடுத்துக்கொள்ளும். பழைய துண்டின் வளையம் அதே வேகத்தில் பிளாட்பாரத்தில் வந்து விழும். இரவில் இதையெல்லாம் ஒரு விளக்கு வெளிச்சத்தில் செய்தார்கள்.

எளிமையான ஏற்பாடு, ஆபத்தில்லாத ஏற்பாடு. ஆனால் ஒரு ரயில் துண்டைக் கடந்து முடிக்கும் வரை அடுத்தது காத்திருக்க வேண்டும். சின்ன ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து இருந்ததற்கு ஒரு காரணம் இதுதான். பயணிகள் ஏற மட்டும் அல்ல, ரயில்கள் ஒதுங்கி வழிவிடவும் அவை தேவைப்பட்டன. எங்கோர், சாலாக் நோர்த் போன்ற இடங்களில் ஸ்டேஷன் இருந்ததால் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு ரயில் கிடைத்தது என்பது ஒருவகையில் ஒற்றைத் தடத்தின் தயவு.

யுத்த காலத்தில் இந்தப் பாதை வேறு ஒன்றுக்குப் பயன்பட்டது. 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். அதற்கு மலாயாவிலிருந்து கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல் என்பது பரவலான கணக்கு, அவர்களில் பெரும்பாலானவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இந்த மேற்குக் கரைப் பாதை வழியாகப் பாடாங் பெசார் எல்லையைத் தாண்டி சயாமில் உள்ள பான் போங் வரை ஏற்றிப்போனார்கள். பினாங்கில் இறங்கிய தகப்பன் தெற்கே வந்த அதே தடத்தில் மகன் வடக்கே போனான். பலர் திரும்பவில்லை. ஆள் மட்டும் போகவில்லை, தண்டவாளமும் போனது. தம்பின்–மலாக்கா கிளைப் பாதையைப் பிடுங்கினார்கள், கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதியைப் பிடுங்கினார்கள். மலாக்கா டவுனுக்கு அதன்பிறகு ரயில் வரவே இல்லை. மேற்குப் பாதை தப்பியதற்கு ஒரே காரணம், வடக்கே படையையும் சரக்கையும் கொண்டுபோக அது அவர்களுக்கும் தேவைப்பட்டது.

பிறகு 1948. ஜூன் 16ஆம் தேதி எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் நாடு முழுவதும் அவசரகாலம். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தண்டவாளத்தைக் கழற்றிப் போடுவதும் ரயிலைக் கவிழ்ப்பதும் கம்யூனிஸ்ட்டுகளின் வழக்கமான உத்தி. இரவு மெயிலுக்கு முன்னால் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வண்டியை விட்டார்கள். தண்டவாளத்தில் ஓடும் கவசம் போட்ட சின்ன மோட்டார் வண்டிகள், விக்காம் டிராலிகள், ரோந்து போயின. ஆனால் காலையில் பாதையில் முதலில் நடக்க வேண்டியவர் கேங் ஆள்தான், அவருக்குக் கவசம் எதுவும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ரயில் மெல்லச் சுருங்கியதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அரசாங்கம் கவனிக்கவில்லை, கார் வந்துவிட்டது என்பார்கள். எல்லாம் ஓரளவு உண்மை. எனக்கு முக்கியமாகப் படுவது சரக்கு மாறியது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு, பெட்டி கட்டி வைத்தால் நாள் கணக்கில் காத்திருக்கும். ரயில் நாளைக்கு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அறுபதுகளிலிருந்து தோட்டங்கள் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனைக்கு மாறின. பனங்குலை அப்படியல்ல. வெட்டியதும் கொழுப்பு அமிலம் ஏறத் தொடங்கிவிடும், ஒரு நாளுக்குள் ஆலையில் வேக வைத்தாக வேண்டும். மரத்தடியிலிருந்து ஆலை வாசல் வரை ஒரே வண்டியில் போனால்தான் கட்டுப்படியாகும். அதற்கு லோரிதான் சரி. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் இறக்கி ஏற்றுவதற்குள் குலை பாழ். ஆலையிலிருந்து எண்ணெயும் டேங்கர் லோரியில் நேராகத் துறைமுகத்துக்குப் போனது. ரயிலுக்குப் பக்கத்திலேயே ஓடிய ரோட்டில் லோரி கூடியது. பிறகு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையும் வந்து 1994இல் முழுதாகத் திறந்தது.

இதை உறுதிப்படுத்தும் ஒரு எதிர் உதாரணம் பேராக்கிலேயே இருக்கிறது. தெலுக் இந்தான் பக்கம் யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் ஜெண்டராட்டா தோட்டத்தில் பனங்குலையைக் கூண்டு வண்டிகளில் ஏற்றி ஆலைக்கே இழுத்துப்போகும் குட்டி ரயில் இருக்கிறது. அங்கே தண்டவாளம் மரங்களுக்கு நடுவிலேயே போகிறது, ஆலைக்குள் போய் முடிகிறது. குலையை இறக்கி ஏற்றும் வேலை இல்லை. அதே வட்டாரத்தில் தெலுக் இந்தான் பயணிகள் ரயில் காணாமல் போய்விட்டது. தோட்டத்து ரயில் நிலைத்தது, அரசாங்க ரயில் போனது. ரயில் பழைய தொழில்நுட்பம் என்பதால் அது அழியவில்லை. சரக்கு இருக்கும் இடத்துக்குப் போகாத ரயில்தான் அழிந்தது.

ஈயக் குச்சிகளும் இப்படித்தான் போயின. போர்ட் வெல்ட் பாதை இன்று இல்லை. ஊரும் பெயர் மாறி கோல செபெத்தாங் ஆகிவிட்டது. மீன் உணவுக் கடைகளுக்கு நடுவில் பழைய ஸ்டேஷன் பலகை மட்டும் நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும் ஊர்ப் பெயர். அன்றைய ரயில்வே பலகைகளில் தமிழ் இருந்ததற்கு அது ஒரு சாட்சி, போய்ப் பார்க்கலாம். சின்னத் துறைமுகங்கள் செத்தபோது அவற்றுக்குப் போன கிளைகளும் செத்தன. நடுவில் இணைப்புக்காகப் போட்ட துண்டு மட்டும் நாட்டின் முதுகெலும்பாகத் தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் எதற்கும் உரிமை கோர முடியாத சுங்கை சிப்புட் இன்றும் ரயில் நிற்கும் ஊர். ராஜாவாக இருந்த தெலுக் அன்சனில் தண்டவாளமே இல்லை.

இன்றைய பாதை வேறு பிறவி. ரவாங்–ஈப்போ இரட்டைத் தடம் முடிந்து, 2010இல் கோலாலம்பூர்–ஈப்போ ஈ.டி.எஸ். என்ற மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தட வேலை 2008இல் தொடங்கி 2014 கடைசியில் முடிந்தது. செலவு சுமார் 12.5 பில்லியன் ரிங்கிட். 2015 ஜூலையிலிருந்து ஈ.டி.எஸ். பாடாங் பெசார் வரை போகிறது. அகலம் பழைய ஒரு மீட்டர்தான், மற்றதெல்லாம் மாறிவிட்டது. மேலே 25 கிலோவோல்ட் மின்கம்பி, கீழே கான்கிரீட் சிலிப்பர், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் மலையை வளைந்து வளைந்து ஏறிய பழைய பாதைக்குப் பதில் புக்கிட் பெராப்பிட்டில் 3.3 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டினார்கள். டோக்கன் இல்லை, வளையம் இல்லை, எல்லாம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து.

இரண்டு தடம் வந்ததும் ஒதுங்கி நிற்கச் சின்ன ஸ்டேஷன்கள் தேவைப்படவில்லை. வேகம் கூடியதும் நிறுத்தங்கள் பாரமாகின. எங்கோர், சாலாக் நோர்த், செம்மோரில் ஈ.டி.எஸ். நிற்காது. 140 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வரும் பாதையில் ஆள் நடக்க முடியாது, அதனால் இரு பக்கமும் வேலி. ரோட்டுக் குறுக்குக் கதவுகளை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாதுகாப்பு என்றால் இப்படித்தான். ஆனால் தண்டவாளத்தைத் தாண்டி ஒட்டுக்கடைக்கு நடந்து போன காலத்தில் அது ஊருக்குள் இருந்த பாதை. இப்போது அது ஊரை இரண்டாகப் பிரிக்கும் எல்லை. ஓரத்தில் இருந்த சில கோயில்களும் இடம் மாற வேண்டி வந்தது. கேங் லயத்துக் கோயில் என்றால் பட்டா எங்கே இருக்கும்?

தோட்டமும் காலியாகிவிட்டது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல், 1969க்குப் பிறகு வேலைப் பெர்மிட் கெடுபிடியில் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஊர் திரும்பியது, பிறகு வீடமைப்புத் திட்டம், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்று அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இன்று ஏறி இறங்குவது அவர்கள்தான். கோலாலம்பூருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். பஸ்ஸில் போய் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டுவதைவிட எவ்வளவோ மேல் என்று வயதானவர்கள்கூட இப்போது ரயிலைக் கேட்கிறார்கள், பேரப்பிள்ளைகள் போனில் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள். ஸ்டேஷன் வரை வருவதுதான் பாடு. ரயில் நேரத்துக்கு ஒத்துப்போகும் ஒரு வேன் தோட்டங்களைச் சுற்றி வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். 12.5 பில்லியன் செலவழித்த பாதைக்கு அது ஒரு செலவே இல்லை.

தீபாவளிக்குக் கூடுதல் ரயில் விடுகிறார்கள், அதுவும் நிறைந்துவிடுகிறது. பெருநாள் வாரத்தில் ஊருக்கு வர நினைப்பவர்கள் விற்பனை திறந்த அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது. சுங்கை சிப்புட்டுக்குக் கிடைக்காவிட்டால் ஈப்போ வரை எடுத்துவிட்டு, அங்கிருந்து யாரையாவது காரில் வரச் சொல்லுங்கள், அரை மணி நேரப் பாதைதான்.